நாற்பது சதவீத ஊனம் என்றால் என்ன?

‘அவருக்கு 60 சதவீத ஊனம்’ என்று யாரையாவது பற்றிச் சொன்னவுடன், கேட்பவர் மனத்தில் ஒரு கழித்தல் கணக்கு நடந்து முடிந்துவிடுகிறது. நூற்றில் அறுபது போனால் மீதி நாற்பது; ஆகவே அவரால் நாற்பது பங்கு வேலைதான் செய்ய முடியும், நாற்பது பங்கு வாழ்க்கைதான் வாழ முடியும் என்று. வேலைக்கு ஆள் எடுப்பவர், வீட்டை வாடகைக்கு விடுபவர், சம்பந்தம் பேச வருபவர் என எல்லோரும் இந்தக் கணக்கைப் போடுகிறார்கள். இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. மருத்துவர் தரும் ஊனச் சான்றிதழில் உள்ள எண், சில அரசுச் சலுகைகளுக்கு வரம்பான 40க்குக் கீழே இருந்தால், ‘அப்படியானால் உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவது.

இந்த இரண்டாவது வகையை நான் நன்கு அறிவேன். சிறு வயதில் கிட்டிப்புள் விளையாடும்போது புள் தெறித்து வலக்கண்ணில் பட்டதில் அந்தக் கண்ணின் பார்வை போய்விட்டது. இடக்கண் நன்றாகத் தெரியும். என் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள எண் 30. அந்த எண் எப்படி வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதெல்லாம் எனக்கே புரியப் பல ஆண்டுகள் ஆயின. புதிதாகச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அதே சுற்றுவழியில் அலையவேண்டாம் என்பதற்காகவே இதை அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

குறைபாடு வேறு, ஊனம் வேறு

மூக்குக் கண்ணாடியிலிருந்து தொடங்கலாம். மைனஸ் நான்கு பவர் உள்ள ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், எதிரே வரும் பேருந்தின் தடத்தின் எண்ணைப் படிக்க முடியாது. ஆனாலும் அவரை நாம் மாற்றுத்திறனாளி என்று கருதுவதில்லை. அவரும் தம்மை அப்படி நினைப்பதில்லை. அவருடைய கண்ணில் குறை இல்லாமல் இல்லை. அந்தக் குறைக்கு விடையாகத் தெருவுக்கு ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது, கண்ணாடி அணிவது யாருக்கும் வியப்பாகத் தெரிவதில்லை, கண்ணாடி அணிந்தவருக்கு வேலை கொடுக்க யாரும் யோசிப்பதில்லை. உடலில் உள்ள குறை அவருடைய வாழ்வின் குறுக்கே வந்து நிற்காதபடி ஊர் முழுதும் ஏற்கெனவே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

உடலிலோ மனத்திலோ அறிவாற்றலிலோ புலன்களிலோ உள்ள நீண்டகாலக் குறையைக் ‘குறைபாடு’ என்று அழைப்போம். அந்தக் குறைபாட்டுடன் ஒருவர் வெளியே வரும்போது எதிரே வந்து நிற்கும் படிக்கட்டு, ஒலியே இல்லாத அறிவிப்புப் பலகை, ‘உன்னால் முடியாது’ என்ற முடிவு ஆகியவற்றைத் ‘தடை’ என்போம். இரண்டும் மோதும் இடத்தில் பிறப்பதுதான் ‘ஊனம்’. இது என்னுடைய தத்துவம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளி யார் என்பதை இப்படித்தான் வரையறுக்கிறது: நீண்டகாலக் குறைபாடு உள்ளவர், அது தடைகளோடு சேரும்போது மற்றவர்களுக்குச் சமமாகச் சமூகத்தில் முழுமையாகப் பங்கேற்க முடியாமல் போகிறவர். இந்த வரையறையில் சதவீதம் என்ற சொல்லே கிடையாது என்பதை இப்போதே கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் நடந்தது இதற்கு நல்ல சான்று. மணலில் சக்கர நாற்காலி ஓடாது. அதனால் கடலை எட்டி நின்று மட்டுமே பார்த்தவர்கள் பலர். அந்த மாதம் மணலின்மேல் அலைக்கு அருகே வரை மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அவர்கள் கடலருகே போனார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் வந்து அந்தப் பாதையின் ஒரு பகுதியைச் சேதப்படுத்திவிட்டது. அக்டோபரிலும் நவம்பரிலும் டிசம்பரிலும் அந்த மனிதர்களின் கால்கள் ஒரே நிலையில்தான் இருந்தன. எந்த மருத்துவரும் அவர்களுடைய சதவீதத்தை மாற்றி எழுதியிருக்க மாட்டார். ஆனால், கடலுக்குப் போக முடியாதவர் என்ற நிலை வந்தது, போனது, மறுபடி வந்தது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: குறைபாடு உடலைச் சேர்ந்தது, தடை ஊரைச் சேர்ந்தது, ஊனம் இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சேர்ந்தது. இனி, மருத்துவர் எழுதும் எண் இந்த மூன்றில் எதை அளக்கிறது என்று பார்ப்போம்.

சதவீதம் எதை அளக்கிறது?

ஒரு வீடு 600 சதுர அடி என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. அந்த எண் பொய்யில்லை, அளந்து எழுதியதுதான். ஆனால், அந்த வீட்டில் காற்று வருமா, தண்ணீர் எப்போது வரும், கீழ்வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. வரி போடுவதற்குச் சதுர அடி போதும். குடியிருப்பதற்கு அது போதாது. ஊனச் சதவீதமும் அத்தகைய ஓர் அளவுதான்.

அளக்கும் முறைகளை மத்திய அரசு அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. 2018இல் வெளியானவை 2024இல் திருத்தப்பட்டன. கை, கால் குறைபாடு என்றால் எலும்பு மருத்துவர் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பதைக் கோணமானியால் அளக்கிறார், தசையின் வலிமையைச் சோதிக்கிறார், எந்த இடத்தில் உறுப்பு இழக்கப்பட்டது என்று பார்க்கிறார். தோள்மூட்டோடு கை போயிருந்தால் 90 சதவீதம். முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே காலின் கீழ்ப்பகுதியில் வெட்டப்பட்டிருந்தால் 60 சதவீதம். கண் என்றால், தகுந்த கண்ணாடி போட்ட பிறகும் எவ்வளவு தெரிகிறது என்பதே கணக்கு. மேலே சொன்ன மைனஸ் நான்கு மனிதர் அதனால்தான் இந்தப் பட்டியலுக்குள் வருவதில்லை. ஒரு கண் அறவே தெரியாமல், மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். என் எண் வந்த வழி இதுதான். எத்தனை அடி தூரத்தில் எந்த எழுத்து தெரிகிறது என்று பார்த்து, அட்டவணையில் விரல் வைத்து, எழுதிவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மனநோய்க்கு இப்படிக் கோணமானி வைக்க முடியாது. அங்கே தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை செய்வது ஆகிய நான்கு துறைகளில் ஒருவர் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதற்கு மதிப்பெண் கொடுத்து, நோய் எத்தனை காலமாக இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டுக்குச் சமூக முதிர்ச்சியை அளக்கும் சோதனையில் பெறும் மதிப்பெண்ணே அடிப்படை. லேசான நிலை என்று வகைப்படுத்தப்படுபவருக்கு 50, மிதமான நிலைக்கு 75 என்று எழுதப்படுகிறது. ஆக, ஒரு காலுக்குக் கிடைத்த 50க்கும், மனநோய்க்குக் கிடைத்த 50க்கும், அறிவுசார் குறைபாட்டுக்குக் கிடைத்த 50க்கும் பொதுவாக இருப்பது அந்த இரண்டு இலக்கங்கள் மட்டுமே. படியால் அளந்த அரிசியையும் முழத்தால் அளந்த பூவையும் ஒப்பிட்டு எது அதிகம் என்று கேட்பது போன்றதுதான் ‘உனக்கு 50, அவருக்கு 60, அவர்தானே பாவம்’ என்பதும்.

ஒரே குறைபாட்டுக்குள்ளும் இந்த எண் வாழ்க்கையைச் சொல்லாது. இடக்கையில் அதே இரண்டு விரல்களை இழந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் வங்கியில் கணக்காளர், மற்றவர் நாதஸ்வரக் கலைஞர். சான்றிதழில் இருவருக்கும் ஒரே எண். முதலாமவர் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பிவிடுவார். இரண்டாமவருக்குப் போனது இரண்டு விரல்கள் என்று எந்த அட்டவணையும் சொல்லலாம். அவருக்குப் போனது கையில் இருந்த தொழிலும், ஊரில் இருந்த பெயரும், அடுத்த முகூர்த்தத்துக்கு வாங்கிய முன்பணமும்.

சுருக்கமாக: சதவீதம் என்பது குறைபாட்டின் அளவு. தடையை அது அளப்பதில்லை. ஆகவே ஊனத்தையும் அது முழுதாக அளப்பதில்லை.

முப்பதும் அறுபதும் ஏன் தொண்ணூறு ஆவதில்லை?

ஒருவருக்கு இரண்டு குறைபாடுகள் இருந்தால் எண்களைக் கூட்டிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக எழுதப்பட்டதைக் கண்டு, மருத்துவர் ஏமாற்றிவிட்டார் என்று கோபப்படுகிறார்கள். ஆடித் தள்ளுபடியை நினைத்தால் இது எளிதில் விளங்கும். ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு 50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம் கூடுதல் தள்ளுபடி என்று கடை விளம்பரம் செய்தால், நாம் கொடுப்பது 300 ரூபாய் அன்று. முதலில் 500 குறையும். மீதமுள்ள 500இல்தான் 20 சதவீதம், அதாவது 100 குறையும். கொடுப்பது 400. இரண்டாவது தள்ளுபடி மீதத்தின்மேல் மட்டுமே வேலை செய்கிறது.

ஊனக் கணக்கும் அந்த வழியில்தான் போகிறது. ஆனால், மீதத்தை 100இலிருந்து கணக்கிடாமல் 90இலிருந்து கணக்கிடுகிறார்கள். பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். 90இலிருந்து அதைக் கழித்து, வந்ததைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். கால் குறைபாடு 60, கண் குறைபாடு 30 என்றால்: 90இலிருந்து 60 போக 30, அதை 30ஆல் பெருக்கினால் 900, 90ஆல் வகுத்தால் 10, மொத்தம் 70.

இந்தக் கணக்கின் விளிம்பில் ஒரு விசித்திரம் இருக்கிறது. தோளோடு கையை இழந்து 90 சதவீதம் பெற்ற ஒருவர் பிற்பாடு ஒரு கண்ணையும் இழந்தால், கணக்குப்படி 90இலிருந்து 90 போக மீதி பூச்சியம். அவருடைய எண் 90ஆகவே நிற்கும். எனக்கு முழுதாக 30 தந்த அதே கண், காலை இழந்தவருக்குப் 10 ஆகிறது, கையை இழந்தவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ஒரு கையால் எல்லாவற்றையும் செய்து பழகிய மனிதருக்குக் கண் என்பது என்னைவிட அதிகமாகத் தேவைப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால், இந்த எண் மனிதரை அளக்கும் கருவி இல்லை என்பது தானாகவே விளங்கும். நிர்வாகத்துக்கு ஒரு வாய்பாடு வேண்டியிருக்கிறது; அதற்கு மேல் அதில் ஞானம் எதையும் தேட வேண்டியதில்லை.

நாற்பது என்ற கோடு

பள்ளித் தேர்வில் 35 எடுத்தவர் தேர்ச்சி, 34 எடுத்தவர் தோல்வி. இந்த இருவரின் அறிவுக்கும் இடையே பள்ளம் ஒன்று இருக்கிறது என்று ஆசிரியர் யாரும் சொல்லமாட்டார். எங்கேயோ ஓரிடத்தில் கோடு போட வேண்டியிருந்தது, போட்டார்கள். 40 சதவீதமும் அத்தகைய கோடுதான்.

அட்டவணையில் சேர்க்கப்பட்ட குறைபாடு ஒன்றில் 40 சதவீதமோ அதற்கு மேலோ பெற்றவரை 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘பெஞ்ச்மார்க்’ ஊனம் உள்ளவர் என்று தனியாகக் குறிப்பிடுகிறது. தமிழில் இதை ‘வரம்பு ஊனம்’ என்று இங்கே சொல்லிக்கொள்வோம்: சில குறிப்பிட்ட சலுகைகளைப் பெறுவதற்கான குறைந்தபட்ச அளவு என்பதே பொருள். அரசு வேலைகளில் குறைந்தது 4 சதவீத இடஒதுக்கீடு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடஒதுக்கீடு, 18 வயது வரை கட்டணமில்லாக் கல்வி ஆகியவை இந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கு உரியவை. கோடும் ஒன்றே ஒன்று இல்லை. வருமான வரியில் பழைய முறையின்படி 40 சதவீதத்துக்கு 75,000 ரூபாய் கழிவு, 80 சதவீதத்துக்கு 1,25,000 ரூபாய் கழிவு. தமிழ்நாட்டில் கடுமையான உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம் வேண்டும். ஒன்றிய அரசு மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் தனித்துவ அடையாள அட்டையிலும் (பேச்சுவழக்கில் யூடிஐடி கார்டு) 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம் என்று நிறம் மாறுகிறது. என்னுடையது வெள்ளை.

இங்கேதான் முன்னர் கவனிக்கச் சொன்ன செய்தி உதவுகிறது. மாற்றுத்திறனாளி என்ற பொது வரையறையில் சதவீதம் இல்லை. வரம்பு ஊனம் என்ற இரண்டாவது வரையறையில் மட்டுமே 40 வருகிறது. ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு ஒரு வாசலும், அந்த வீட்டின் உள்ளறை ஒன்றுக்குத் தனி வாசலும் இருப்பது போல இதை நினைக்கலாம். உள்ளறைக்குள் போக முடியாதவரை வீட்டுக்கே வெளியே நிறுத்துவதுதான் நடைமுறையில் மீண்டும் மீண்டும் நடக்கும் தவறு.

உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் தீர்த்து வைத்தது இந்தத் தவறைத்தான். குடிமைப் பணித் தேர்வு எழுத விரும்பிய அவருக்கு, எழுதத் தொடங்கினால் விரல்கள் இறுகிக்கொள்ளும் நரம்புக் கோளாறு இருந்தது. தாம் சொல்லச் சொல்ல எழுதித்தரும் எழுதுநர் ஒருவரைக் கேட்டபோது, அது வரம்பு ஊனம் உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது என்று மறுத்துவிட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. இடஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும். ஆனால் ‘நியாயமான ஏற்பாடு’ எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியது என்றது. நியாயமான ஏற்பாடு என்றால், ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதற்காக, பிறர்மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல் செய்யக்கூடிய மாற்றம்: எழுதுநர், கூடுதல் நேரம், தரைத்தளத்தில் இருக்கை. இதன் பிறகு 2022 ஆகஸ்டில், 40க்குக் கீழே இருந்தாலும் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கான தேர்வு வழிகாட்டுதல்களை ஒன்றிய அரசு வெளியிட்டது.

கோட்டின் மறுபக்கத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது, அனுபவித்தவருக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. மருத்துவக் கல்லூரியில் இடஒதுக்கீடு பெற 40 சதவீதம் வேண்டும். ஆனால் பேச்சும் மொழியும் சார்ந்த குறைபாடு உள்ளவர் 40ஐத் தொட்டாலே மருத்துவம் படிக்கத் தகுதியில்லை என்று ஒழுங்குமுறை விதி இருந்தது. குறைந்தால் இடம் இல்லை. கூடினால் தகுதி இல்லை. ஏறத்தாழ 45 சதவீதம் எழுதப்பட்ட ஓங்கார் கோண்ட் என்ற மாணவரின் வழக்கில், எண்ணை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்கக் கூடாது, அந்த மாணவரால் அந்தப் படிப்பைப் படிக்க முடியுமா என்பதை மருத்துவக் குழு தனியாக மதிப்பிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆக, 40 என்பது சில சலுகைகளின் வரம்பு. ஒருவர் மாற்றுத்திறனாளியா என்பதற்கும், அவரால் ஒரு வேலையைச் செய்ய முடியுமா என்பதற்கும் அது விடை தருவதில்லை.

முப்பதில் வாழ்வது

டபராவிலிருந்து டம்ளருக்குக் காபி ஊற்றும்போது விளிம்பைத் தவறவிட்டு மேசையில் ஊற்றுவேன். இரண்டு கண்கள் சேர்ந்து தரும் ஆழ உணர்வு எனக்கு இல்லை. பழக்கமில்லாத படிக்கட்டில் இறங்கும்போது கடைசிப் படியைக் காலால் துழாவிப் பார்ப்பேன். கல்யாணப் பந்தியில் வலது கோடியில் உட்கார்ந்துவிட்டால் நிம்மதி. நடுவில் உட்கார்ந்தால், வலப்பக்கத்திலிருந்து பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு வருவது தெரியாமல் கையை நீட்டிவிடுவேன். சாலையில் அந்தப் பக்கமாக முந்தி வரும் இருசக்கர வாகனம் எனக்கு எப்போதும் வானத்திலிருந்து குதித்ததுதான். இவற்றில் எதுவும் பெரிய துயரம் இல்லை. ஆனால் இவற்றில் எதுவும் என்னைப் பார்ப்பவர்களுக்குத் தெரிவதும் இல்லை. தெரியாத ஒன்றை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருப்பதில் தனியாக ஒரு சோர்வு இருக்கிறது.

மாற்றுத்திறனாளி என்று என்னைச் சொல்லிக்கொள்ள வெகுகாலம் கூசினேன். சக்கர நாற்காலியில் வருபவரின் முன்னால், வெண்கோலோடு நடப்பவரின் முன்னால், அந்தப் பெயரைத் திருடுகிறோமோ என்ற கூச்சம் அது. மறுபக்கம், ‘குறையே தெரியவில்லையே, எதற்குச் சொல்லிக்கொள்கிறீர்கள்’ என்று அன்பாகவே கேட்பவர்களும் உண்டு. அந்தப் பெயர் ஒரு கறை, முடிந்தால் தவிர்க்கலாம் என்ற எண்ணம் அந்த அன்புக்குள் இருக்கிறது. பெயரிலும் நம் ஊரில் கருத்து ஒன்றாக இல்லை. மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு வழக்கில் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. துறையின் பெயரும் மாறியது. மரியாதையான மாற்றம் என்று அதை ஏற்றவர்கள் பலர். மாற்றாக எந்தத் திறனும் எங்களுக்கு அருளப்படவில்லை, எங்களுக்கு வேண்டியது சாய்தளம் என்று சிரிப்பவர்களும் உண்டு. நான் இரு தரப்பையும் மதிக்கிறேன். இந்தக் கட்டுரையில் மனிதருக்கு ஒரு சொல்லையும் நிலைமைக்கு ஒரு சொல்லையும் வைத்துக்கொண்டது அதனால்தான்.

சட்டத்தின் முதல் வரையறையைப் படித்த பிறகுதான் எனக்குக் கூச்சம் குறைந்தது. அதில் யாரைவிட யாருக்கு அதிகம் என்ற கேள்வியே இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் அவை 21 ஆயின. தலசீமியா, ஹீமோபிலியா, பார்க்கின்சன் நோய், அமில வீச்சுக்கு ஆளானோர் எனப் பலர் உள்ளே வந்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த 2017 ஏப்ரல் 19ஆம் நாள் அவர்களில் ஒருவருடைய உடலும் மாறிவிடவில்லை. வரையறை அவர்களைக் காணத் தொடங்கியது, அவ்வளவுதான்.

சான்றிதழைப் படிக்கும் முறை

உங்கள் கையிலோ உங்கள் வீட்டில் ஒருவர் கையிலோ சான்றிதழ் இருந்தால், எண்ணைப் பார்ப்பதற்கு முன் வேறு மூன்று இடங்களைப் பாருங்கள். எந்த உடற்பகுதியைப் பற்றிய எண் அது என்று படிவத்திலேயே எழுதியிருக்கும். வேலைக்கு எடுப்பவர்கள் தாண்டிப் போய்விடும் இடம் இதுதான். ‘வலது கால்’ என்று அங்கே இருந்தால், அருகில் உள்ள 60 அந்தக் காலைப் பற்றியது; அந்த மனிதரின் மூளையையும் கையையும் பற்றிய செய்தி எதுவும் அதில் இல்லை. அடுத்து, சான்றிதழ் நிரந்தரமானதா, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லுபடியாகுமா என்று பாருங்கள்; தற்காலிகச் சான்றிதழின் காலம் முடிந்ததை உதவித்தொகை நின்ற பிறகு அறிபவர்கள் ஏராளம். மூன்றாவது, நிலைமை கூடக்கூடியதா, அப்படியே நிற்பதா, மறுமதிப்பீடு வேண்டுமா என்ற வரி. தசைச் சிதைவு போன்று ஆண்டுக்காண்டு கூடும் நிலையில், பழைய எண்ணை வைத்துக்கொண்டே இருந்தால் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும்.

எழுதப்பட்ட எண் தவறு என்று கருதினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆவது பிரிவு இடம் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பழைய மருத்துவ அறிக்கைகளின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். எண் 40க்குக் கீழே இருந்தாலும் தேர்வுக்கோ அலுவலகத்துக்கோ தேவைப்படும் ஏற்பாட்டைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தில் சதவீதத்தை ஒரு வரியில் முடித்துவிட்டு, எந்த வேலையில் என்ன சிரமம், என்ன செய்தால் அது தீரும் என்பதை விரிவாக எழுதுங்கள். நான் அலுவலகத்தில் அப்படி எழுதிக் கேட்டது ஒன்றே ஒன்று: என் மேசையை, வலப்பக்கம் சுவர் வருமாறு திருப்பிப் போட வேண்டும் என்பது. இரண்டு பேர் வந்து கால் மணி நேரத்தில் திருப்பிப் போட்டுவிட்டுப் போனார்கள்.